நீலோற்பலம்: பெயர் ஒன்று, மலர் வேறு

இலங்கையின் தேசிய மலர் எது என்று பாடசாலைப் பிள்ளை ஒன்றிடம் கேட்டால், நீலோற்பலம் என்ற விடை தயக்கமின்றி வரும். சிங்களப் பிள்ளை 'நில் மானெல்' என்று சொல்லும். 1986ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 26ஆம் திகதி இம்மலர் நாட்டின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. இதுவரையில் சிக்கல் எதுவும் இல்லை. அந்த மலரைக் காட்டு என்று அதே பிள்ளையிடம் கேட்கும்போதுதான் சிக்கல் ஆரம்பமாகிறது. விகாரை வாசலில் உள்ள பூக்கடையையோ, விடுதி முற்றத்து நீர்த்தொட்டியையோ, பாதையோரத்துக் குட்டையையோ பிள்ளை காட்டும். அங்கே அடர்ந்த ஊதா நிறத்தில், நெருங்கிய இதழ்களோடு, கண்ணைப் பறிக்கும் ஒரு பூ நிற்கும். அது நீலோற்பலம் அன்று. நீலோற்பலத்தின் பெயரில் வாழும் இன்னொரு பூ.

இது கவிஞரின் கற்பனையோ தேசியவாதியின் மனக்குறையோ அல்ல. பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாவரவியல் ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் குளங்களை அலைந்து ஆராய்ந்து கண்டறிந்த உண்மை. சுதேசத் தாவரங்களும் அந்நியத் தாவரங்களும் கலப்பதால் உயிர்ப்பல்வகைமைக்கு நேரும் ஆபத்தை 2011ஆம் ஆண்டில் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். ஊதா நிற அல்லி ஒரு கலப்பினம் என்பதை நிறுவி, 'நிம்பேயா எரங்கே' என்ற விஞ்ஞானப் பெயரை 2017இல் அதற்குச் சூட்டினார்கள். அதன் பெற்றோர் இருவருமே ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அல்லிகள். நம் நாட்டுக் குளத்து நீலோற்பலத்துக்கும் அதற்கும் குடும்பப் பெயர் மட்டுமே பொது.

உண்மையான நீலோற்பலம் அடக்கமான பூ. இதழ்கள் குறைவு. நிறம் வெளிறிய நீலம். சில பூக்களில் அது வெண்மையோடு கலந்து, வானத்தின் ஓரம்போல் தோன்றும். காலையில் விரிந்து பிற்பகலில் கூம்பும். மூன்று நான்கு நாட்கள் இவ்வாறு விரிந்து கூம்பியபின் காம்பு வளைந்து நீருக்குள் இறங்கிவிடும். காய் முதிர்வது நீரடியிலேதான். கலப்பின அல்லியோ பகட்டானது. இதழ் அதிகம், நிறம் அடர்த்தி. இலையும் காம்பும் சேருமிடத்தில் குட்டிச் செடி ஒன்றை முளைப்பிக்கும் ஆற்றலும் அதற்கு உண்டு. தாயிலை அழுகும்போது குட்டி தனியே மிதந்து சென்று வேரூன்றும். விதைக்காகவோ வண்டுக்காகவோ அது காத்திருக்க வேண்டியதில்லை. குளம் ஒன்றை அது விரைவாக நிரப்பிவிடுவதன் இரகசியம் இதுதான்.

சுதேசப் பூ அவ்வாறு அவசரப்படுவதில்லை. அதன் வாழ்க்கை, நமது வரண்ட வலயத்துக் குளங்களின் வாழ்க்கையோடு பிணைந்தது. வன்னியில் ஆடி ஆவணியில் குளம் வற்றி அடிமண் வெடிக்கும்போது இலையும் தண்டும் மறைந்துபோகும். கிழங்கு மட்டும் சேற்றின் அடியில் உறங்கும். வடகீழ்ப் பருவமழை வந்து குளம் நிரம்பியதும் முதல் இலை நீர்மட்டத்தைத் தேடி எழும். பல்லாண்டுத் தாவரம் என்று தாவரவியலார் சொல்வதன் பொருள் இதுதான். ஒவ்வோர் ஆண்டும் மறைந்து, ஒவ்வோர் ஆண்டும் திரும்பி வருவது அது.

இம்மலருக்குத் தமிழில் உள்ள பெயர்கள் பல. நெய்தல், குவளை, கருங்குவளை, நீலம், நீலோற்பலம் என்பன அவற்றுட் சில. இவற்றுள் எந்தப் பெயர் எந்த இனத்தைக் குறித்தது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஒன்று தெளிவு. கடலும் கடல் சார்ந்த நிலமும் என்று ஒரு திணையை வகுத்த நம் முன்னோர், அதற்குப் பெயரிட மீனையோ சங்கையோ அலையையோ தேடவில்லை. கழியோரத்தில் நின்ற நீர்ப்பூ ஒன்றின் பெயரையே எடுத்தார்கள். ஒரு நிலத்தின் முகவரியாக ஒரு பூ இருந்தது. ஞாயிறு கண்டு மலர்வது எது, திங்கள் கண்டு மலர்வது எது என்று அவர்கள் பிரித்தறிந்தது கவி மரபு மட்டுமன்று. இன்றைய தாவரவியலும் அதையே சொல்கிறது. நீலோற்பலம் பகலில் விரியும். வெள்ளாம்பலும் செவ்வாம்பலும் இரவில் விரிந்து காலையில் கூம்பும்.

இன்னொரு வியப்பும் உண்டு. பழந்தமிழர் மிகப் பெரிய எண்களுக்கு வைத்த பெயர்களில் ஆம்பல், குவளை, நெய்தல், தாமரை ஆகியவை இடம்பெறுகின்றன. பரிபாடலில் இவற்றைக் காணலாம். எண்ணி முடியாத அளவைச் சொல்ல வேண்டியபோது அவர்கள் கண்முன் நின்றது ஒரு குளமும் அதை மூடிய பூக்களும் போலும். கோடிக்கும் அப்பால் உள்ள எண்ணுக்கு உவமை வேண்டியிராத அளவுக்கு அப்பூக்கள் மலிந்திருந்த காலம் அது.

நீர்ப்பூ அழகுக்கு மட்டும் உரியதாகவும் இருக்கவில்லை. கணவனை இழந்த பெண்கள் ஆம்பலின் விதையை உணவாகக் கொண்ட துயரைப் புறநானூறு பதிவு செய்திருக்கிறது. குளம் வற்றும் காலத்தில் சேற்றைக் கிண்டி அல்லிக்கிழங்கு எடுத்து அவித்து உண்பது, வன்னியிலும் கிழக்கிலும் வறிய குடும்பங்களின் பழைய வழக்கம். சிங்களக் கிராமங்களில் 'ஓலு' எனப்படும் வெள்ளாம்பலின் விதையைச் சோறாக்கி உண்பதுண்டு. கோயில் அன்னதானத்தில் தாமரை இலையில் சோறு வாங்கி உண்டவர்களுக்கு அந்த இலையின் மணம் இன்றும் நினைவிருக்கும். பசிக்கும் பக்திக்கும் அழகுக்கும் ஒரே குளம் போதுமானதாக இருந்தது.

சிங்கள இலக்கியத்தில் இதே பூ 'நிலுபுல்' என வழங்கும். நீலோற்பலம் என்ற சொல்லின் இன்னோர் உருவமே அது. குவளை என்ற தமிழ்ச் சொல்லையும் குவலய என்ற வடசொல்லையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அவற்றின் உறவும் புலப்படும். இந்தத் தீவில் இரு மொழியினரும் சண்டையிடாமல் பங்கிட்டுக்கொண்ட சொத்துகளின் பட்டியல் ஒன்றை யாராவது எழுதினால், இந்தப் பூவுக்கு அதில் இடம் கொடுக்க வேண்டும்.

நீரைத் தோட்டமாக்கும் கலையில் இலங்கைக்கு நீண்ட வரலாறு உண்டு. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன் சிகிரியாக் குன்றின் மேற்கு அடிவாரத்தில் அமைத்த நீர்த்தோட்டம், ஆசியாவிலேயே மிகப் பழைய எழில் தோட்டங்களில் ஒன்று. குளங்கள் ஒன்றுக்கொன்று சமச்சீராக அமைந்துள்ளன. நிலத்தடிக் கால்வாய்கள் வழியாக ஓடிவரும் நீர், துளையிட்ட சுண்ணக்கல் தகடுகள் வழியே தன் அழுத்தத்தாலேயே மேலெழும்புகிறது. இயந்திரம் எதுவும் இல்லை. உயரமும் சரிவும் செய்யும் வேலை அது. பதினைந்து நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும் மழைக்காலத்தில் அந்த ஊற்றுகள் நீர் சொரிகின்றன. குன்றின் நடுவிலுள்ள சுவரோவியப் பெண்களின் கைகளிலே நீர்ப்பூக்கள் இருக்கின்றன. மேலே ஓவியத்திலும் கீழே குளத்திலும் பூ என்பது அந்த மன்னனின் திட்டம்.

பொலன்னறுவையில் மகா பராக்கிரமபாகு காலத்துத் தாமரைக் குளம் இன்னொரு வகை. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்குளம், விரிந்த தாமரை ஒன்றின் வடிவில், ஒவ்வொன்றிலும் எட்டு இதழ்கள் கொண்ட ஐந்து அடுக்குகளாகக் கல்லில் இறங்கிச் செல்கிறது. குறுக்களவு ஏறத்தாழ 25 அடிதான். பூவை வளர்ப்பதற்காகக் குளம் வெட்டும் உலகில், குளத்தையே பூவாக வெட்டிய சிற்பியை வியக்காமல் இருக்க முடியாது.

பழைய நீர்த்தோட்டங்கள் எவ்வளவு செயற்கையானவையாக இருந்தாலும், அவற்றைச் சூழ்ந்திருந்தவை அதே நாட்டின் குளங்களும் சதுப்பு நிலங்களும்தான். அரண்மனைத் தடாகத்துக்கும் அயற்கிராமத்து எருமைக் குட்டைக்கும் இடையில் பூவின் சாதி வேறுபாடு பெரிதாக இருந்திருக்காது. நீரில் வளரும் செடிகள் பெருங்கடலைத் தாண்டிக் கூட்டங்கூட்டமாகப் பயணம் செய்யும் காலம் பின்னர்தான் வந்தது.

ஐரோப்பியர் முதலில் வந்தது செடிகளை அறிவதற்கு. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராக 1672 முதல் 1677 வரை இலங்கையில் இருந்த போல் ஹேர்மன் என்பவர் இங்குள்ள செடிகளை உலர்த்திச் சேகரித்தார். அவருடைய சேகரிப்பை ஆதாரமாகக் கொண்டே லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய தமது நூலை எழுதினார். அச்சேகரிப்பு இன்றும் இலண்டனில் பாதுகாக்கப்படுகிறது. அதே காலத்தில் மலபாரின் ஒல்லாந்த ஆளுநராக இருந்த வான் ரீட், 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்ற பன்னிரண்டு தொகுதி நூலை 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்ரடாமில் வெளியிட்டார். அந்த இலத்தீன் நூலில் ஆம்பலும் சிற்றாம்பலும் அதே பெயர்களுடன் இடம்பெற்றன. மலையாளக் கரையின் வைத்தியர்கள் சொன்ன சொற்களை அவர் மாற்றவில்லை. சங்கப் புலவர் அறிந்த ஒரு சொல் இப்படித்தான் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் மேசைக்குச் சென்றது.

1768இல் பேர்மன் என்ற ஒல்லாந்தத் தாவரவியலாளர் 'நிம்பேயா நூச்சாலி' என்ற பெயரை வெளியிட்டார். 1799இல் ஜேர்மனியரான வில்டெனோ 'நிம்பேயா ஸ்ரெல்லாற்றா' என்ற பெயரைச் சூட்டினார். பிற்காலத்தவர் இரண்டையும் ஒன்றாகவே கொண்டனர். ஒரே பூவுக்கு இரு விஞ்ஞானப் பெயர்கள் நூல்களில் நடமாடின. பின்னாளில் ஒரே பெயரை இரு பூக்கள் பங்கிட நேர்ந்ததோடு ஒப்பிட்டால் அது சிறிய குழப்பமே.

அறிவுத் தேடலை அடுத்து வந்தது ஆசை. 1849 நவம்பரில் இங்கிலாந்தின் சற்ஸ்வேர்த் மாளிகையில், அமேசன் நதியின் இராட்சத அல்லியை ஜோசப் பக்ஸ்ரன் பூக்கவைத்தார். பிரித்தானியாவில் அது பூத்தது அதுவே முதற்றடவை. செய்தி நாடெங்கும் பரவியது. அந்த அல்லிக்கெனக் கண்ணாடி இல்லம் கட்டிய அனுபவமே, 1851இல் இலண்டன் கண்காட்சிக்கான பளிங்கு மாளிகையை வடிவமைக்க அவருக்குக் கைகொடுத்தது. பிரான்ஸில் லத்தூர் மார்லியக் என்பவர், குளிரைத் தாங்கும் வண்ண அல்லிகளைக் கலப்பினமாக உருவாக்கி 1889இல் பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். அவற்றால் கவரப்பட்டவர்களில் ஓவியர் குளோட் மொனேயும் ஒருவர். 1893இல் ஜிவேர்னி என்ற கிராமத்தில் மொனே குளம் வெட்ட முனைந்தபோது அயலிலிருந்த விவசாயிகள் எதிர்த்தார்கள். அந்நியச் செடிகள் தங்கள் நீரோடையை நஞ்சாக்கிவிடும் என்பது அவர்கள் அச்சம். மொனே வென்றார்; உலகம் அவருடைய அல்லி ஓவியங்களைப் பெற்றது. அந்த விவசாயிகளைக் கலை வரலாறு பட்டிக்காட்டார் என்று நகைக்கிறது. அவர்களின் அச்சம் ஜிவேர்னியில் மெய்ப்படவில்லை. இலங்கையில் மெய்ப்பட்டது.

இலங்கைக்கு அழகுச் செடியாக 1904ஆம் ஆண்டளவில் கொண்டுவரப்பட்டது ஆற்றுவாழை. தென்னமெரிக்காவின் அந்த ஊதாப் பூவை விரும்பாதார் இல்லை. ஐந்தே ஆண்டுகளில், 1909இல், அதை ஒழிப்பதற்கென்றே ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. ஒரு செடிக்கு எதிராக ஓர் அரசு தனிச் சட்டம் கொண்டுவருவதென்றால் அதன் வேகத்தை எண்ணிப் பாருங்கள். சட்டம் வந்து நூறாண்டு கடந்த பின்னும் மட்டக்களப்பு வாவியிலும் பிற நீர்நிலைகளிலும் ஆற்றுவாழையை அகற்றும் சிரமதானங்கள் ஓய்ந்தபாடில்லை. சட்டப் புத்தகத்தை வாசிக்கும் பழக்கம் ஆற்றுவாழைக்கு இல்லை.

அடுத்தது சல்வீனியா. 1939இல் தாவரவியற் கல்விக்கென்று கொழும்புக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மிதக்கும் பன்னம், வயல்களையும் வாய்க்கால்களையும் மூடியது. அதற்கு மருந்து அதன் பிறந்தகத்திலிருந்தே வந்தது. பிறேசிலில் அச்செடியை மட்டும் தின்று வாழும் ஒரு சிறு கூன்வண்டை அவுஸ்திரேலிய விஞ்ஞானிகள் கண்டறிந்து, 1980இல் மூண்டாரா ஏரியில் விட்டு வெற்றி கண்டார்கள். 1986இல் அவ்வண்டு இலங்கை நீர்நிலைகளில் விடப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் சல்வீனியா பெருமளவில் அடங்கியது. நீலோற்பலத்தைத் தேசிய மலராக அறிவித்த அதே ஆண்டில், அந்த மலரின் வீட்டைக் காப்பாற்றும் காரியமும் ஒரு வண்டின் வாயிலாக நடந்தது. அறிவிப்புக்குக் கிடைத்த விளம்பரத்தில் நூறில் ஒரு பங்குகூட வண்டுக்குக் கிடைக்கவில்லை.

ஊதா அல்லியின் கதை இவ்விரண்டிலும் நுட்பமானது. ஆற்றுவாழையை எவரும் நீலோற்பலம் என்று மயங்கியதில்லை. பகை பகையாகவே தெரிந்தது. ஊதா அல்லியோ நீலோற்பலத்தின் பெயரிலேயே நுழைந்தது. படங்களில், வாழ்த்து அட்டைகளில், பூசைத் தட்டுகளில் அது இடம்பிடித்தது. பூக்கடைக்காரருக்கு அது இலாபம். அடர்ந்த நிறமும் பெரிய பூவும் விலைபோகும். வாங்குபவர் எவரையும் ஏமாற்றவில்லை; விற்பவரும் ஏமாற்றவில்லை. எல்லோரும் நல்லெண்ணத்தோடு சேர்ந்து ஒரு பூவை மறந்தார்கள். பகையால் அழிவதைத் தடுக்க வழி தேடுவோம். அன்பினால் அழிவதை யார் தடுப்பது? குளத்தில் நீலோற்பலம் குறைந்தாலும், 'நீலோற்பலம் நிறைய இருக்கிறதே' என்று சொல்லிச் செல்லும்படி கண் பழகிவிட்டது. இழப்பு நடப்பதே தெரியாத இழப்பு இது.

இத்தகைய மயக்கம் கடல் கடந்தும் நடந்திருக்கிறது. பொன்னாங்காணி நம் சதுப்பு நிலத்துச் செடி, சிங்களத்தில் முக்குணுவென்ன. அவுஸ்திரேலியாவில் குடியேறிய இலங்கையர் பலர் தங்கள் வீட்டுத் தோட்டங்களில் ஆசையோடு வளர்த்த பொன்னாங்காணி, உண்மையில் 'அலிகேற்றர் களை' எனப்படும் தென்னமெரிக்கச் செடி என்பது 1990களில் தெரியவந்தது. உலகின் கொடிய நீர்க்களைகளில் ஒன்று அது. நீரோடைகளை அடைத்துக் கால்நடை மேய்ச்சலையும் கெடுக்கக்கூடியது. அதிகாரிகள் வீடுவீடாகச் சென்று விளக்க வேண்டியிருந்தது. தண்டித்தால் ஒளித்து வளர்ப்பார்கள் என்பதை உணர்ந்த விக்ரோறியா மாநிலத்தார், அந்நாட்டுக்கே உரிய வேறொரு பொன்னாங்காணி இனத்தை மாற்றாகக் கொடுத்தார்கள். எடுத்ததற்குப் பதில் ஒன்றைக் கொடுத்தார்கள் என்பதுதான் அத்திட்டத்தின் அறிவு. இதே 1990களின் இறுதியில் அக்களை இலங்கையிலும் இனங்காணப்பட்டது.

இங்கே ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சுதேசி, அந்நியன், ஆக்கிரமிப்பாளன் என்ற சொற்கள் இந்த நாட்டில் செடிகளோடு நின்றுவிட்டவை அல்ல. மனிதர்மேல் அவற்றை ஏற்றிப் பேசியதன் விலையை இந்தத் தீவு இரத்தத்தால் செலுத்தியிருக்கிறது. ஆகவே தாவரவியலின் சொற்களை அரசியல் மேடைக்கு எடுத்துச் செல்வோரிடம் எச்சரிக்கை வேண்டும். எமது கறிக்கு உறைப்புத் தரும் மிளகாய், ஏழைகளின் பசி தீர்த்த மரவள்ளி, முற்றத்துப் பப்பாசி எல்லாமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. அவற்றை எவரும் விரட்டச் சொல்லவில்லை. வந்த செடி எங்கிருந்து வந்தது என்பதல்ல கேள்வி. அருகில் உள்ளதை வாழவிடுகிறதா என்பதே கேள்வி. ஊதா அல்லியும் குற்றவாளி அல்ல. அதை விகாரையில் வைத்து வணங்கும் முதியவளின் பக்தி எந்த வகையிலும் குறைந்ததும் அல்ல. நாம் கேட்பது ஒன்றுதான்: பெயருக்குரிய பூவுக்கு அதன் பெயரையும், அதன் குளத்தில் ஓரிடத்தையும் திருப்பிக் கொடுங்கள்.

அதற்கு அரசாங்கத்தை மட்டும் எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. நீலோற்பலத்தை வீட்டு முற்றத்தில் வளர்க்கலாம். அது கடினமான காரியமும் அல்ல. இரண்டடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் உள்ள சீமெந்துத் தொட்டி அல்லது பெரிய மண்பானை போதும். அடியில் அரையடி உயரத்துக்குக் குளத்துக் களிமண்ணோ வயல்மண்ணோ இட வேண்டும். தென்னந்தும்பு கலந்த கடைமண் ஆகாது. அது மிதந்து நீரைக் கலக்கும். பசளை மிகையானால் பூவுக்கு முன் பாசி வரும். கிழங்கை முனை வெளியே தெரிய நட்டு, மேலே ஒரு விரற்கடை உயரம் மணல் பரவி, முதலில் சில அங்குலம் நீர் விட்டு, இலை எழ எழ நீரை உயர்த்த வேண்டும். நாளில் ஐந்தாறு மணி நேரமாவது நேர்வெயில் படவேண்டும். நிழலில் வைத்தால் இலை மட்டும் வரும், பூ வராது. ஓடும் நீரும் மேலிருந்து சொரியும் ஊற்றும் அல்லிக்கு ஒவ்வாதவை.

நீர்த்தொட்டி என்றதும் டெங்கு அச்சம் எழுவது இயல்பு. 2017ஆம் ஆண்டில் மாத்திரம் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராக அறிக்கையிடப்பட்ட நாடு இது. மீன் உள்ள தொட்டியில் நுளம்புக் குடம்பிகள் மிஞ்சுவதில்லை. ஆனால் அதற்கெனக் கடையில் வாங்கும் கப்பி மீனும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததே. வயல் வாய்க்காலில் நீர்மட்டத்தோடு நீந்தும் நம் ஊர்ச் சிறுமீன்கள் நான்கைந்து அந்த வேலையைச் செவ்வனே செய்யும். தொட்டியை மீன் இல்லாமல் ஒரு வாரம்கூட விட வேண்டாம்.

நாற்று எங்கே பெறுவது என்பதுதான் பலரும் தடுமாறும் இடம். வாங்குமுன் இலையைத் திருப்பிப் பாருங்கள். இலைநடுவில் குட்டிச் செடி இருந்தால் வேண்டாம். பூ அடர் ஊதாவாகவும் இதழ் நெருக்கமாகவும் இருந்தால் வேண்டாம். குளத்துக்குச் சென்று கிழங்கைத் தோண்டுவதிலும், முதிர்ந்த காயொன்றிலிருந்து விதை எடுப்பது நல்லது. காய் வெடிக்கும்போது விதைகள் சிறிது நேரம் மிதந்து பின் மூழ்கும். அந்தச் சமயத்தில் அள்ளி, உலரவிடாமல் நீரிலேயே வைத்திருந்து சேற்றில் விதைக்கலாம். ஒரு காயில் ஏராளமான விதைகள் உண்டு. குளம் எதையும் இழக்காது. எவ்வித நீர்ச்செடியானாலும் தொட்டியில் மிகுந்ததை வாய்க்காலில் எறியாதீர்கள். வெயிலில் காயவிட்டுக் குப்பையோடு புதையுங்கள். நாடுகளின் நீர்நிலைகளை அழித்த களைகளிற் பல, யாரோ ஒருவர் இரக்கப்பட்டு ஓடையில் விட்ட ஒரு கைப்பிடிச் செடியாகத்தான் தொடங்கின.

கடல் கடந்து வாழும் எம்மவர்க்கும் ஒரு சொல். ஊர் நினைவில் நீலோற்பலக் கிழங்கைப் பயணப்பொதிக்குள் வைத்துக் கொண்டுசெல்ல ஆசை எழலாம். அது வேண்டாம். தாவரத் தனிமைப்படுத்தல் சட்டங்கள் காரணமின்றி இயற்றப்பட்டவை அல்ல. 2016 முதல் ஐரோப்பிய ஒன்றியம் ஆற்றுவாழையை விற்பதையும் வளர்ப்பதையும் தடைசெய்துள்ளது. நீங்கள் வாழும் மண்ணிலேயே அல்லி உண்டு. கனடாவின் ஏரிகளில் மணமுள்ள வெள்ளல்லி உண்டு. இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் இன்னொரு வெள்ளல்லி இயற்கையாக வளர்கிறது. வட அவுஸ்திரேலியாவில் பெரிய நீல அல்லிகள் இருக்கின்றன. ரொறன்ரோவின் கொல்லைப்புறத்தில் அந்நாட்டு வெள்ளல்லி பூக்கும்போது, பனியில் நடுங்கும் ஊர்க் கிழங்கைக் காப்பதைவிட அதிக நிறைவு கிடைக்கும். வாழும் நிலத்தின் பூவை அதன் பெயரோடு அறிவது, அந்நிலத்தில் வேரூன்றுவதன் முதற்படி.

கொழும்பில் 2022 செப்ரெம்பரில் மக்களுக்குத் திறந்துவிடப்பட்ட தாமரைக் கோபுரம் 350 மீற்றர் உயரம் கொண்டது. இரவில் அது நிறம் மாறி ஒளிரும். கொழும்பு நகரம் 2018இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தையும் பெற்றிருக்கிறது. சீமெந்தில் பூவை எழுப்பத் தெரிந்த நகரம், சேற்றில் நிற்கும் பூவையும் காக்கும் என்று நம்ப விரும்புகிறேன். கல்வித் திணைக்களத்தார் பாடநூல் படங்களை ஒருமுறை சரிபார்க்கலாம். கோயிற் கேணிகளையும் விகாரைத் தடாகங்களையும் பராமரிப்போர் தம் குளத்தில் நிற்பது எது என்று தாவரவியல் படித்த ஒருவரைக் கேட்டறியலாம். பாடசாலை ஒவ்வொன்றிலும் ஒரு தொட்டியில் உண்மையான நீலோற்பலம் பூத்தால், ஒரு தலைமுறைக்குள் கண்கள் மீண்டும் பழகிவிடும்.

ஒரு பூ மறைவதால் நெல் விளையாமல் போகாது, ஆட்சி கவிழாது. ஆனால் தன் தேசிய மலர் எது என்று காட்டத் தெரியாத நாடு, தன்னிடம் உள்ள வேறு எவற்றையும் பெயரளவில் மட்டுமே அறிந்திருக்கக்கூடும். குளத்தடியில் கிழங்கு இன்னும் உறங்குகிறது. மழைக்கு அது திரும்பி வரும். வரும்போது அதற்கு இடம் இருக்க வேண்டும்.